கிராணி ஆபிஸும் ஒரே கவுண்டரும்

நல உதவி கொடுக்கிற அரசாங்க அலுவலகங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும் என்ற பேச்சு நம் மலேசியாவில் அடிக்கடி எழுகிறது. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் மாதப் பணம் சமூகநலத் துறையிடம். வேலையில் அடிபட்டால் தொழிலாளர் காப்புறுதி அமைப்பான சொக்சோ. குறைந்த வருமானக்காரர்களுக்கான எஸ்டிஆர் ரொக்க உதவியைக் கவனிப்பது வருமான வரி வாரியம். ஏழைக் குடும்பங்களின் பட்டியலான ஈகாசே பிரதமர் துறையில். இந்தியர்களுக்கென்று மித்ரா தனியாக. எதற்கு இத்தனை கதவு, ஒன்று போதாதா என்று கேட்கிறார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். நானும் சேர்க்கவேண்டும் என்கிற கட்சிதான். ஆனால் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரே கதவுக்கு முன்னால் நின்று வாழ்ந்த அனுபவம் உண்டு. சீர்திருத்தம் பேசுகிறவர்கள் அந்த அனுபவத்தைக் கொஞ்சம் காதில் வாங்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். எல்பில், கமுனிங், டோவன்பி என்று சுற்றிலும் தோட்டங்கள் இருந்து வளர்ந்த ஊர். தோட்டத்தில் வேலை குறையக் குறைய சனம் தாமான் என்கிற குடியிருப்புப் பேட்டைகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. நாங்கள் கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். மாவட்ட அளவில் ஒரு வேலை என்றால் கோலகங்சாருக்குப் போக வேண்டும். அதற்கும் மேலே என்றால் ஈப்போ. கார் இருக்கிறவர்களுக்கு இது ஒரு தூரமே இல்லை. பேரன் லீவு எடுத்து ஏற்றிக்கொண்டு போனால்தான் உண்டு என்கிற பாட்டிக்கு, அது ஒருநாள் சம்பளம்.

என் கடைக்கு வருகிற தாள்களை வைத்தே யார் எந்த அலுவலகத்துக்குக் கிளம்புகிறார்கள் என்று சொல்லிவிடலாம். ஐசி என்கிற அடையாள அட்டை முன்னும் பின்னும் எல்லாருக்கும் பொது. கல்யாணப் பத்திரமும் மரணப் பத்திரமும் சேர்ந்து வந்தால் விதவை. பிறப்புப் பத்திரங்கள் கட்டாக வந்தால் பிள்ளைகளுக்கான உதவி. டாக்டர் கடிதமும் பழைய சம்பளச் சீட்டும் வந்தால் சொக்சோ. எல்லாவற்றோடும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கரண்டு பில். அதே தாள்களை அதே ஆள் சில வாரம் கழித்து வேறு அலுவலகத்துக்காக மறுபடியும் எடுப்பார். சிலர் கெட்டிக்காரத்தனமாக இரண்டு செட்டு கூடுதலாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். அந்தத் தாள்கள் அனைத்தும் அரசாங்கம் கொடுத்தவை. அரசாங்கம் கொடுத்ததை அரசாங்கத்திடமே காட்டுவதற்கு ஒரு கிழவி பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

இது மாறமுடியாத விஷயம் இல்லை. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் அடிப்படைப் பொருள் வாங்குவதற்கான சாரா உதவியாக 100 வெள்ளி (ரிங்கிட்) மைகார்டு என்கிற ஐசியிலேயே வந்தது. ஐசியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அரிசி, எண்ணெய், முட்டை வாங்கினார்கள். அந்த 100 வெள்ளிக்காக என் கடையில் ஒருவரும் ஒரு தாள்கூட நகலெடுக்கவில்லை. எனக்கு வியாபாரம் இல்லாத அந்த நாட்களில் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. எல்லாருக்கும் ஒரே தொகை, யாரையும் சலிக்க வேண்டாம் என்பதால் அது சுலபமாக முடிந்தது என்பது உண்மை. வருமானம் பார்த்துச் சலிக்க ஆரம்பித்தவுடன் பாரமும் கவுண்டரும் வந்துவிடும். ஆனாலும் நம்மைப் பற்றிய அடிப்படை விவரம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்துபோனது.

தரவைச் சேர்க்கும் முயற்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2024 ஜனவரி 2-ஆம் தேதி பாடு என்ற முதன்மைத் தரவுத்தளத்தைத் திறந்தார்கள். அப்போது ரஃபிசி ரம்லி பொருளாதார அமைச்சர். மார்ச் 31-க்குள் பதியச் சொன்னதில் என் கடைக்கு வந்து கைப்பேசியை நீட்டியவர்கள் நிறையப் பேர். அப்புறம் கூட்டரசு அலுவலகங்கள் ஒன்றோடொன்று விவரம் பகிர்ந்துகொள்ள வழிசெய்யும் தரவுப் பகிர்வுச் சட்டம் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது கூட்டரசு அமைப்புகளுக்கு மட்டும். மாநில அரசாங்கம் கொடுக்கிற உதவியும் மாநிலத்தின் நில அலுவலகமும் அதற்கு வெளியே.

சரி, தரவு சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? எங்கள் வரிசையில் இருக்கிற பெரியம்மா ஒருவரின் கதையைச் சொல்கிறேன். கணவர் செம்பனைக் குலை வெட்டியவர்; இறந்துவிட்டார். பெரியம்மாவுக்கு அவர் பேரில் சொக்சோவிலிருந்து சின்னதாக ஓய்வூதியம் வருகிறது. மகன் ஜொகூரில் லாரி ஓட்டுகிறான். ஐசியில் இன்னும் அம்மா வீட்டு முகவரிதான். முதியோர் உதவிக்கு மனுப் போட்டார். ஒரு பதிவேட்டில் குடும்பத் தலைவராக இறந்துபோனவரே இருந்தார். இன்னொன்றில் மகனும் அதே வீட்டில் இருப்பதாக வைத்து அவன் சம்பளத்தையும் கூட்டியிருந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "ஆச்சி, சிஸ்டத்தில் இப்படித்தான் காட்டுகிறது" என்றார். பெரியம்மா மரணப் பத்திரத்தைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியில் தள்ளினார். அந்தப் பெண் அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தள்ளினார். திருத்துவது வேறு அலுவலகத்தின் வேலை, தன்னிடம் அதற்கு அனுமதி இல்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த அந்தப் பத்திரத்தின் ஓரம் மடங்காமல் இருக்கிறதா என்று பெரியம்மா தடவித் தடவிப் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

தனித்தனி அலுவலகமாக இருக்கும்போது இந்தத் தவறு ஓர் இடத்தில்தான் கதவை மூடுகிறது. எல்லாம் ஒரே பதிவேடாகிவிட்டால் ஒரே தவறு எல்லா இடத்திலும் மூடும். எனக்கு இருக்கிற பயம் இதுதான். இது கற்பனையில் வந்த பயம் இல்லை. தோட்டத்தில் எங்கள் குடும்பமே பார்த்தது.

அந்தக் காலத்துத் தோட்ட ஆபிஸ் இன்று நாம் கேட்கிற அதே ஒரே கவுண்டர்தான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, தொழிலாளியின் குடியிருப்பு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் பள்ளி எல்லாவற்றையும் தோட்ட நிர்வாகத்தின் தலையில் வைத்தது. லயத்து வீட்டுக் கூரை ஒழுகினால் ஆபிஸ் எழுத்தரான கிராணியாரிடம் சொல்ல வேண்டும். தோட்டத்து மருந்து ஆளான டிரஸர் கையை விரித்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சீட்டும் லாரியும் அங்கேதான் கேட்க வேண்டும். சம்பளம், முன்பணம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள் லீவு, பிள்ளை பிறந்ததை எழுதிவைப்பது எல்லாமே அந்த ஆபிஸ் வழிதான். யாரும் பத்து மைல் பஸ் ஏறவில்லை, யாரும் நகலெடுக்கவில்லை. கிராணியாருக்கு ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை தலை என்று மனப்பாடம். நல்ல கிராணி வாய்த்த தோட்டத்தில் சனம் நிம்மதியாக இருந்தது என்று பாட்டி சொல்வார். அதை நான் நம்புகிறேன்.

அவரே இன்னொன்றும் சொல்வார். தாத்தாவுக்கும் மேற்பார்வையாளரான ஒரு மண்டோருக்கும் பால் வெட்டும் நிரை பிரிப்பதில் வாய்ச்சண்டை. அதற்குப் பிறகு வீட்டுக் கூரைக்கு ஆள் வரவில்லை. முன்பணம் கேட்டால் "அடுத்த மாதம் பார்க்கலாம்". பெரியத்தைக்குக் காய்ச்சல் வந்தபோது சீட்டு வாங்கத் தாத்தா போகவில்லை. பாட்டிதான் போய் வெளித் திண்ணையில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். ஒரே ஆளிடம் எல்லாம் இருந்ததால் ஒரு மனஸ்தாபம் எல்லாவற்றையும் தொட்டது. வேலை போனால் வீடும் போகும், வீடு போனால் பிள்ளையின் படிப்பும் போகும். மேலே சொல்ல வேண்டும் என்றால் தோட்ட மேனேஜரான துரையிடம் சொல்ல வேண்டும். துரையோ கிராணியாரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார். இதற்காகத்தான் எங்கள் ஆட்கள் சங்கம் சங்கம் என்று உயிரை விட்டார்கள். 1954-ல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானபோது அவர்களுக்குக் கிடைத்தது, சம்பளப் பேச்சுவார்த்தையோடு சேர்த்து, கிராணி ஆபிஸுக்கு வெளியே போய்ச் சொல்வதற்கு ஓர் இடம்.

அதனால் அலுவலகங்களை ஒன்றாக்குவோம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே தோன்றும் கேள்வி: அங்கே இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் எங்கே போவது?

வெளிநாடுகளிலும் இந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இல்லாமல் சேர்த்துவிட்டுத்தான் பட்டிருக்கிறார்கள். நார்வேயில் 2006-ல் தேசியக் காப்புறுதி நிர்வாகத்தையும் வேலைவாய்ப்புச் சேவையையும் இணைத்து நாவ் என்று ஒரே அமைப்பாக்கி, நகராட்சிகளின் சமூக உதவிப் பிரிவையும் அதே அலுவலகத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு நகராட்சியிலும் ஓர் அலுவலகம். நல்ல எண்ணம்தான். முதல் சில ஆண்டுகள் மனுக்கள் தேங்கிக் கிடந்தன. பணியாளர்கள் புது வேலையைக் கற்றுக்கொள்வதும் பழைய வேலையைச் செய்வதும் ஒரே நேரத்தில் நடந்தால் அப்படித்தான் ஆகும். பெரிய அடி 2019-ல் வெளியே வந்தது. நோய்க்கால உதவி வாங்கிக்கொண்டே ஐரோப்பாவின் வேறு நாட்டுக்குப் போய்வந்தவர்கள்மீது, விதியை ஆண்டுக்கணக்காகத் தவறாகப் படித்து, பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். சிலர் சிறைக்கே போயிருக்கிறார்கள். நீதிமன்றங்களும் அந்தத் தவறான வாசிப்பைக் கவனிக்காமல் விட்டுவிட்டன.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னும் எங்கள் பெரியம்மா கதைக்குப் பக்கத்தில் வருகிறது. அங்கே சென்டர்லிங்க் என்ற அமைப்பு 1997 முதல் பல உதவிகளை ஒரே இடத்தில் கொடுத்துவந்தது. பிறகு வரித்துறைத் தரவோடு ஒப்பிட்டு, ஒருவரின் ஆண்டு வருமானத்தை இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சராசரி போட்டு, நீ கூடுதலாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கொடு என்று கணினியே கடிதம் அனுப்பியது. அதற்கு ரோபோடெட் என்று பெயரே வந்துவிட்டது. ஆறு மாதம் வேலை, ஆறு மாதம் வேலை இல்லாமை என்று இருந்தவனுக்குச் சராசரி என்ன நியாயம் சொல்லும்? கணக்கு சரி என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அலுவலகத்திடம் இருந்து ஏழையின் தலைக்கு மாறியது. 2020-ல் சுமார் 470,000 கடன்களை ரத்து செய்து, வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாக அரசாங்கம் அறிவித்தது. 2023-ல் அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை வந்தது. நம்மூரில் பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு மழைக்காலத்தில் ஒரு வருமானம், வெயில் காலத்தில் ஒரு வருமானம். தீபாவளிக்கு முன்னால் மிகைநேரம் செய்த மாதத்துச் சம்பளச் சீட்டை வைத்து ஒருவரை அளந்தால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். சேர்க்கும்போது எதை எதனோடு சேர்க்கிறோம் என்பதில் மிகுந்த கவனம் வேண்டும். சமூகநலத் துறை 1946-ல் வந்தது, போரில் சீரழிந்த சனத்துக்காக. சொக்சோ 1971-ல் வந்தது, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. முன்னதில் கிடைப்பது அரசாங்கம் வறுமையைப் பார்த்துக் கொடுப்பது. வீட்டுக்கு வந்து விசாரித்து முடிவு செய்வார்கள். பின்னது தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்து, முதலாளியும் கட்டி, சேர்ந்த காப்புறுதி. "அது என் புருஷன் சம்பாத்தியம்" என்று பெரியம்மா ஓய்வூதியத்தைப் பற்றிச் சொல்வார். உதவிப் பணத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே இறங்கிவிடும். அவர் குரல் இறங்கவேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து. ஆனால் இரண்டையும் ஒரே கவுண்டரில் வைத்து, ஒரே பாரத்தில் ஒரே விசாரணையில் பார்க்க ஆரம்பித்தால், காப்புறுதிக்கும் கருணை மனுவின் தொனி வந்துவிடும். கட்டிடம் ஒன்றாக இருக்கலாம், வரிசை எண் ஒன்றாக இருக்கலாம். உரிமையாக வரவேண்டிய பணத்துக்கு வறுமையைக் காட்டச் சொல்லக் கூடாது.

அளவுகோல்களும் அப்படித்தான் கிடக்கின்றன. எஸ்டிஆருக்குக் குடும்ப வருமானம் 5,000 வெள்ளி வரை பார்க்கிறார்கள். நலத்துறை வறுமைக் கோட்டைப் பார்க்கிறது. அந்தக் கோடு முன்பு 980 வெள்ளியாக இருந்து, 2020-ல்தான் 2,208 ஆனது; 2022 கணக்கின்படி 2,589. குடும்பம் என்றால் யார் யார் என்பதிலும் ஒற்றுமை இல்லை. இதையெல்லாம் முதலில் உட்கார்ந்து சீராக்காமல் பெயர்ப்பலகையை மட்டும் மாற்றினால், பெரியம்மா இனி ஒரே இடத்தில் நின்று நாலு விதமான பதில் கேட்பார்.

பெயர்ப்பலகை மாறுவதை நம் சமூகம் ஏற்கெனவே நிறையப் பார்த்துவிட்டது. 1907-ல் தமிழர் குடியேற்ற நிதி என்று தொடங்கி, 1958-ல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியான அமைப்பு 1999-ல் சட்டம் போட்டுக் கலைக்கப்பட்டது. அதன் சொத்து அரசாங்கத்திடம் போனது. தோட்டத்து முதியவர்கள் "எங்களுக்கென்று இருந்தது" என்று கைகாட்டக்கூடிய ஒன்று அதோடு போனது. பிறகு 2014-ல் இந்தியர் மேம்பாட்டுக்கென்று செடிக் வந்தது, அதுவே மித்ராவானது, பிரதமர் துறைக்கும் ஒருமைப்பாட்டு அமைச்சுக்கும் இடையே போய்ப்போய் வந்தது. ஒவ்வொரு முறையும் என் கடையில் ஒரே கேள்வி: "இப்போது பாரத்தை எங்கே அனுப்புவது?" மேலே இருப்பவர்களுக்கு இது நிர்வாக மாற்றம். கீழே இருப்பவர் பழைய பாரத்தைக் கிழித்துப் போட்டுப் புதிதாக ஆரம்பிக்கிறார்.

எவ்வளவு சேர்த்தாலும் எட்டாத ஒரு கூட்டம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமுடியாது. சிவப்பு ஐசிக்காரர்கள். இங்கேயே பிறந்தோ சின்ன வயதில் வந்தோ ஆயுசு முழுக்கத் தோட்டத்தில் உழைத்து, பதிவு செய்ய ஆள் இல்லாமல், நேரம் தவறி, நிரந்தரவாசியாகவே நின்றுவிட்ட கிழவர்கள். மூத்த குடிமக்கள் உதவி 2025-ல் மாதம் 500 வெள்ளியிலிருந்து 600 ஆனது. குடிமகனாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, அதனால் இவர்களுக்கு 500-ம் இல்லை, 600-ம் இல்லை. பதிவேடுகளை இணைக்கும்போது இவர்கள் யார் யார், எந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம் உழைத்தார்கள், எத்தனை ஆண்டு வைப்புநிதி கட்டினார்கள் என்பது ஒரு சொடுக்கில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும். வயது அவர்களுக்காகக் காத்திருக்காது.

ஆக நான் என்ன கேட்கிறேன்? சொக்சோவில் உங்கள் கோரிக்கையை மறுத்தால் சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. நலத்துறை உதவித்தொகையில் மேல்முறையீடு துறைக்குள்ளேயே நடக்கிறது, கிராணியைப் பற்றித் துரையிடம் சொன்ன மாதிரி. 1971 முதல் பொதுப் புகார் பிரிவு இருக்கிறது. புகாரைக் கேட்கும், விசாரிக்கும், ஆனால் அது பிரதமர் துறையின் கீழ். நலத்துறைகளை ஒன்றாக்கும் சட்டம் என்றைக்கு வந்தாலும், சொக்சோவுக்கு இருக்கிற மாதிரியான மேல்முறையீட்டு வாரியத்தை எல்லா உதவிகளுக்கும் விரித்து அதே சட்டத்தில் எழுத வேண்டும். அந்த வாரியம் ஈப்போவில் மட்டும் உட்கார்ந்திருக்கக் கூடாது. மாதம் ஒரு நாளாவது சுங்கை சிப்புட் மாதிரியான ஊர்களுக்கு வர வேண்டும். மறுக்கிறவர்கள் காரணத்தைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். மலாய் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பதிவேட்டில் தவறு இருந்தால் அதே கவுண்டரில் இருக்கிறவரே திருத்த வேண்டும். திருத்தம் முடியும்வரை ஏற்கெனவே வரும் பணத்தை நிறுத்தக் கூடாது.

சிங்கப்பூரில் 2013 முதல் சமூகச் சேவை அலுவலகங்களைக் குடியிருப்புப் பேட்டைகளுக்குள்ளேயே திறந்தார்கள், சனம் நடந்துவரும் தூரத்தில். நமக்கு அவ்வளவு நெருக்கம் உடனே முடியாது, ஊர்கள் பரந்து கிடக்கின்றன. ஆனால் பழைய தோட்டப் பள்ளிகளும் சமூக மண்டபங்களும் நம்மிடம் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் ஒரு மடிக்கணினியோடு, திருத்தும் அதிகாரத்தோடு, ஓர் அதிகாரி அங்கே வந்து உட்காரலாம்.

பெரியம்மாவின் மனு இன்னும் முடிவாகவில்லை. மகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஐசி முகவரியை மாற்றச் சொல்லியிருக்கிறோம். இதே மாதிரி சிக்கலில் இருக்கிறவர்கள், "இல்லை" என்று வாயால் சொன்னதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். எந்தத் தேதியில், எந்தக் கவுண்டரில், என்ன காரணம் சொன்னார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அதையே ஒரு தாளில் நீங்கள் எழுதி, அங்கேயே முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஊர்க்காரர்கள் கடைக்கு வந்தால் எழுதித் தருகிறேன், நகலுக்குக் காசு வேண்டாம்.